சுவரோடு பிறந்த இருக்கை

வேடசந்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை இரண்டரை அடி உயரம், மூன்றரை அடி அகலம். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தபோது, டேப் கைக்கு வந்த புதிதில், கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன். அப்போது அளந்ததுதான் இது. வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, "என்னடா, விக்கப் போறியா?" என்றார்.

எங்கள் பாடப் புத்தகத்தில் உட்காரும் உயரம் பதினெட்டு அங்குலம் என்று இருந்தது. தாத்தாவின் திண்ணை அதைவிட ஓர் அடி அதிகம். ஏன் என்று கேட்டேன். அவர் வாசலில் நின்ற மாட்டு வண்டியைக் காட்டினார். வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளித் திண்ணையை ஒட்டி நிறுத்தினால் வண்டித் தட்டும் திண்ணையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். கடலை மூட்டையோ புகையிலைச் சிப்பமோ, தூக்கி இறக்க வேண்டியதில்லை. இழுத்துப் போட்டால் போதும். எங்கள் பக்கம் அப்போது புகையிலை நிறைய. குடிக்க உதவாத உப்புத் தண்ணீர்க் கிணறுதான் மெல்லும் புகையிலைக்கு ஏற்றது என்பார்கள். பாடம் போட்ட புகையிலை தையிலிருந்து சித்திரை வரை திண்ணையை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆட்கள் மிச்ச இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். எனவே அதை இருக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உட்காரவும் ஆகும், அவ்வளவுதான்.

அகலத்துக்கும் காரணம் இருந்தது. மூன்றரை அடி இருந்தால் ஒருவர் சம்மணம் போட்டுச் சுவரில் சாயலாம், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கலாம். ஓர் ஓரத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய சாய்வுத் திண்டு இருந்தது. காலங்காலமாகத் தலை பட்டு அதன் நடுப்பகுதி எண்ணெய் ஏறிக் கருத்திருக்கும். திண்ணையின் அடியில், படியை ஒட்டி, ஒரு முழ அளவில் பொந்து. சாயங்காலம் கோழிகள் அதில் அடையும். ஒரு பலகையை வைத்து மூடிக் கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார் அப்பத்தா. இருக்கைக்கு அடியில் பொருள் வைக்கும் ஏற்பாட்டை இன்றைக்கு உள்ளலங்காரம் செய்யும் நாங்கள் விலைப்பட்டியலில் தனி வரியாகப் போட்டுக் காசு வாங்குகிறோம். அப்பத்தா அதில் உயிருள்ள பொருளையே வைத்திருந்தார்.

சுவர் கருங்கல்லும் செங்கல்லும் கலந்தது, பூச்சு சுண்ணாம்பு. மேல்தளம் மட்டும் பின்னால் போட்ட காவி. காவி போடுவதை நான் ஆற அமரப் பார்த்தது தாத்தா வீட்டில் அல்ல, வேலைக்கு வந்த பிறகு, ஒரு மூத்த கொத்தனாரிடம். முதலில் சிமெண்ட்டும் மணலும் கலந்த தளத்தை மணியாஸ் கட்டை வைத்து மட்டமாக இழுத்துக்கொள்வார். மட்டம் என்றால் தட்டை அல்ல. தெருப்பக்கம் அரை அங்குல வாட்டம் இருக்கும், இல்லாவிட்டால் சாரல் தண்ணீர் சுவரோரம் நின்றுவிடும். தளம் ஈரம் இழுத்து இறுகத் தொடங்கும் நேரம் பார்த்து, மூன்று பங்கு சிமெண்ட்டுக்கு ஒரு பங்கு காவிப் பொடி கலந்த கூழை மேலே பரப்புவார். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. கரண்டியால் அழுத்தித் தேய்ப்பார், தேய்ப்பார், முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு வரும் வரை தேய்ப்பார். பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும்; எனவே போட ஆரம்பித்தவரேதான் முடிக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து தண்ணீர் கட்டி வைப்பது. நன்றாக ஊறிக் காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது. அதோடு விளிம்பை உருட்டி விடுவதில் அவர் விடாப்பிடி. "தம்பி, உக்காந்தா தொடையில கத்தி மாரி அறுக்கக்கூடாது" என்பார். இன்று கிரானைட் பலகை போடும்போது 'ஹாஃப் ரவுண்ட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதைத்தான் அவர் உள்ளங்கையால் செய்தார்.

திண்டுக்கல் சமவெளியில் வெயிலைப் பற்றிப் பேசாமல் எந்த இருக்கையைப் பற்றியும் பேச முடியாது. மேற்கே கொடைக்கானல் மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. எங்களுக்கு வருவது வறண்ட காற்று. நல்ல மழை என்றால் ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டும். கல்லும் மண்ணுமான திண்ணை மெல்லச் சூடேறி மெல்லத்தான் ஆறும். கிழக்குப் பார்த்த வீட்டுத் திண்ணை மத்தியானத்துக்கு மேல் நிழலுக்குள் போய், நாலு மணிக்கே உட்காரத் தோதாகிவிடும். மேற்குப் பார்த்த திண்ணை அந்தி வெயிலை முழுக்கக் குடித்துவிட்டு ராத்திரி எட்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. அதனால் எங்கள் ஊரில் சாயங்காலக் கூட்டம் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் சேரும். மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தபடி தங்கள் வீட்டைக் காவல் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மாச்சி வீடு திண்டுக்கல் டவுனுக்குள், ரத வீதிகளுக்கு அடுத்த ஒரு சந்தில். மாடி ஏறினால் மலைக்கோட்டை தெரியும். முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. ஹைதர் அலி 1755இல் இங்கே ஃபவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்து இறங்கினார். கோட்டைக்காரர்களின் கதை அப்படி. கீழே எங்கள் சந்தில் வாசல் இருபுறமும் திண்ணை: ஒரு பக்கம் பெரியது, மறு பக்கம் ஒற்றையாள் உட்காரும் ஒட்டுத் திண்ணை. பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் இதற்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். பூட்டுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அம்மாச்சி வீட்டுக் கதவில் மாங்காய்ப் பூட்டு ஒன்று கனமாகத் தொங்கும். ஆனால் அந்தப் பூட்டுக்கு வெளியே, யாரும் வந்து உட்காரத் தடையில்லாத ஐந்தடி இடத்தையும் அதே வீட்டுக்காரர்தான் சொந்தச் செங்கல்லில் கட்டி வைத்திருந்தார்.

அந்த இடத்தின் முழு அர்த்தத்தைத் தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பார்க்கலாம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து வருகிறவர்கள் திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போக வேண்டும். இங்கிருந்து பழனி இன்னும் அறுபது கிலோமீட்டர் சொச்சம். வழியில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று ஊர்ப் பெயர்களிலேயே தங்குமிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டவுனுக்குள் வந்து சேர்கிறவர்கள் மண்டபங்கள் நிறைந்த பிறகு சந்துகளுக்குள் நுழைவார்கள். காலில் கொப்புளம், தோளில் மஞ்சள் பை. அம்மாச்சி வீட்டில் யாரும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. விடிகாலையில் கதவைத் திறந்தால் திண்ணையில் ஐந்தாறு போர்வைகள் கிடக்கும். அம்மாச்சி வெந்நீர் போட்டு எடுத்துவந்து, யார் என்ன என்று கேட்காமல், கால் ஊறவைக்க ஒரு அண்டாவை வைத்துவிட்டுப் போவார். விருந்தாளியை உள்ளே அழைத்தால் படுக்கை, சாப்பாடு, பேச்சுத் துணை என்று வேலை நீளும். திண்ணை இருந்ததால் வீட்டுக்காரருக்கும் தொந்தரவில்லை, வந்தவருக்கும் கூச்சமில்லை.

மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை திண்ணை பெண்களுடையது. ஆண்கள் கடைக்கோ மண்டிக்கோ போயிருப்பார்கள். உதிரி மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டு பூக் கட்டுவார்கள், அரிசியில் கல் பொறுக்குவார்கள். பூச்சு காயும் முன்பே சித்தி ஆணியால் கீறிய தாயக்கட்டம் ஒன்று பெரிய திண்ணையின் நடுவில் நிரந்தரமாக இருந்தது. தாத்தா முறை உள்ளவர்கள் திட்டியும் அழிக்க முடியவில்லை, சிமெண்ட் ஆயிற்றே. நான்கு மணிக்குத் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டால் பூவும் காயும் முறத்தோடு உள்ளே போய்விடும். அதன் பிறகு பெண்களுக்குப் பட்டாசாலைதான். வாசல் திண்ணையில் ஆண் உட்கார்ந்த நேரத்தில் பெண் உட்கார்ந்து நான் கண்டதே இல்லை.

திண்ணையைப் பற்றிப் பத்திரிகைகளில் உருகி எழுதுகிறவர்கள் பலர். ஊரே கூடிய இடம், எல்லோருக்கும் பொதுவான இடம் என்று எழுதுவார்கள். படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். தாத்தா தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், தாத்தாவைவிட மூத்தவர், ஒரு நாளும் அந்தத் திண்ணையில் ஏறியதில்லை. படிக்குக் கீழே வேப்பமர நிழலில் குத்துக்காலிட்டு இருப்பார். தாத்தா இரண்டரை அடி உயரத்தில், அவர் தரையில். பேச்சு அப்படியேதான் நடக்கும். ஏறாதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி ஊர் இருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகள் நுழைந்தது 1939 ஜூலை 8. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1985 செப்டம்பரில்தான் தனி மாவட்டமானது. அந்தப் பிரிவினை நடந்த ஆண்டிலும் அதே மாவட்டத்துக் கிராமத் திண்ணை அந்தப் பெரியவருக்குத் திறக்கவில்லை. இரண்டரை அடி என்பது வண்டித் தட்டின் உயரம் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்தப் பெரியவரால்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பெருமையையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு இருக்கிறது. பெரிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் மாவட்டங்களிலிருந்து அந்தக் கணக்கு வந்ததே சாதிவாரியாகத்தான்.

டவுன் வீட்டுத் திண்ணை தொண்ணூறுகளில் போனது. பெரிய திண்ணையை இடித்து ஷட்டர் வைத்து மாமா ஒரு கடை வாடகைக்கு விட்டார். ஒட்டுத் திண்ணை இடம் மோட்டார் சைக்கிள் ஏறும் சரிவாயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாடகையில்தான் இரண்டு கல்யாணம் நடந்தது. இடிக்காமல் விட்ட பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு வேறு விதமாகக் கேடு வந்தது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய சாலையின் மேலேயே போட்டுத் தெரு ஏறிக்கொண்டே வந்தது. திண்ணை இறங்கிக்கொண்டே போய், கடைசியில் தெருவுக்கும் அதற்கும் அரையடிதான் வித்தியாசம் என்றாயிற்று. மழைத் தண்ணீர் வாசலுக்குள் வந்தது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021இல் உத்தரவிட்டார். எங்கள் சந்துக்கு அது தாமதமான உத்தரவு.

நான் இப்போது வீட்டு வரைபடமும் உள்ளலங்காரமும் செய்து பிழைக்கிறேன். சில ஆண்டுகளாக வருகிறவர்கள் எல்லோரும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள்: ஜன்னலோரத்தில் சுவரோடு சேர்ந்த இருக்கை, மேலே மெத்தை, அடியில் இழுப்பறை, கையில் காபியோடு ஒரு பெண். 'விண்டோ சீட்' வேண்டும் என்கிறார்கள். செய்து தருகிறேன். நல்ல பொருள்தான் அது. பத்துக்குப் பத்து அறையில் சோபா போட்டால் நடக்க வழியிருக்காது. சுவரோடு இருபது அங்குல அகலத்தில் இருக்கை கட்டினால் நாலு பேர் உட்கார்ந்தும் அறை அறையாகவே இருக்கும். அதிலும் விஷயம் தெரியாமல் கட்டினால் வம்புதான். பதினெட்டு அங்குலம் என்பது மெத்தை அமுங்கிய பிறகு உள்ள உயரம். மரவேலையைப் பதினெட்டில் முடித்து மேலே நாலு அங்குல மெத்தை போட்டால் பாட்டிமார்களுக்குக் கால் தரையில் எட்டாது. கீழே முன்பக்கம் மூன்று அங்குலமாவது உள்வாங்க வேண்டும். எழும்போது குதிகாலைப் பின்னால் இழுத்து ஊன்ற அந்த இடம் இல்லாவிட்டால் முட்டி வலிக்காரர் எழவே முடியாது. மேல்மூடியைத் தூக்கித் திறக்கும் பெட்டியை நான் சிபாரிசு செய்வதில்லை. மெத்தை, தலையணை, காயவைத்த துணி, தூங்கும் பேரன் எல்லாவற்றையும் எடுத்தால்தான் மூடியைத் தூக்க முடியும்; அதனால் உள்ளே போன கொலுப் பொம்மை அடுத்த நவராத்திரிக்கும் வெளியே வராது. முன்பக்கமாக இழுக்கும் இழுப்பறையே மேல். தரையோடு ஒட்டிய பிளைவுட் என்றால் எங்கள் மண்ணில் கரையானுக்குப் படையல். கீழ்க்கட்டைச் செங்கல்லில் கட்டிக்கொள்வது உத்தமம்.

சாப்பாட்டு மேசைக்கு மூலையில் 'எல்' வடிவ இருக்கை கேட்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் வாதாடுவேன். படத்தில் உள்ள வெளிநாட்டுக் குடும்பம் எல்லாப் பதார்த்தத்தையும் நடுவில் வைத்துத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. நம் வீட்டில் ஒருவர் நின்று பரிமாற வேண்டும். மூலையில் உட்கார்ந்தவருக்கு ரசம் ஊற்ற, இரண்டு பேர் தலைக்கு மேல் கரண்டி போக வேண்டும். அந்த மூலையில் மாமனாரை உட்காரவைத்துவிட்டால் அவர் கை கழுவ எழும்போது குடும்பமே எழுந்து நிற்க வேண்டும். ஓர் அக்கா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அப்ப அந்த மூலைக்கு எங்க வீட்டுக்காரர்தான் சரி" என்றார். கட்டிக் கொடுத்தேன்.

கட்டி வைத்த இருக்கையின் குணம் என்ன என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது திருவனந்தபுரத்தில், தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கும் இந்தியன் காபி ஹவுஸ். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007இல் மறைந்த லாரி பேக்கர் கட்டியது. செங்கல்லால் எழுந்த வட்டக் கோபுரம். உள்ளே தளமே சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. ஏறும் பாதையின் ஓரமாக வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு கட்டடமாக இருக்கின்றன. சுவர் நெடுகச் சிறு சிறு துளைகளில் வெளிச்சமும் காற்றும். நாற்காலியை இழுத்துப் போட அங்கே வழி இல்லை. சரக்கு இறக்கிவிட்டு வந்தவரும் அலுவலகக் கோப்புகளைக் கையில் வைத்திருப்பவரும் ஒரே செங்கல்லில், ஒரே உயரத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். நாற்காலி என்றால் ஒருவருக்குப் போடலாம், இன்னொருவருக்குப் போடாமல் விடலாம். எங்கள் பக்கத்தில் நன்கு பழகிய விஷயம் இது. பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகு யாருக்கு எடுத்துப் போடுவது என்ற முடிவு ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் கையில். கட்டிய இருக்கைக்கு அந்த முடிவு ஒரே தடவை, கட்டும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. தாத்தாவின் திண்ணையில் அது தப்பாக எடுக்கப்பட்டது. காபி ஹவுஸில் சரியாக எடுக்கப்பட்டது.

ஜன்னலோர இருக்கையிடம் எனக்குள்ள மனத்தாங்கலும் இதுதான். திண்ணை வீட்டுக்குள் வந்துவிட்டது. மெத்தையும் பொருள் வைக்கும் வசதியும் கூடவே வந்தன. தெருவில் போகிறவர் வரவில்லை. கூரியர் கொண்டுவரும் பையன், காஸ் சிலிண்டர் போடுகிறவர், கீரைக்காரம்மா, தைப்பூசத்துக்கு நடக்கிறவர் எல்லோரும் இப்போது கேட்டுக்கு வெளியே நின்றபடியே காத்திருக்கிறார்கள். வேலையாட்கள் ஏறக்கூடாத திண்ணை போனது நல்லதுதான். அதற்குப் பதிலாக யாருமே உட்கார முடியாத காம்பவுண்டு சுவரைக் கட்டியதில் எந்த நியாயமும் இல்லை.

ஆகவே வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே உங்கள் விருப்பப்படி எத்தனை இருக்கை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். காம்பவுண்டு சுவரை உங்கள் மனை எல்லையிலிருந்து ஒன்றேகால் அடி உள்ளே தள்ளிக் கட்டுங்கள். வெளியே கிடைக்கும் அந்த இடத்தில் நாலடி நீளத்துக்குப் பதினெட்டு அங்குல உயரத்தில் செங்கல் கட்டி, மேலே எங்கள் ஊர்க் கருங்கல் பலகை ஒன்றைப் போடுங்கள். விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், அரை அங்குலம் வாட்டம் விடச் சொல்லுங்கள், முடிந்தால் மேலே ஒரு சிறு தகரச் சாய்ப்பு. மனைக்குள்ளேயே இருப்பதால் மாநகராட்சி வந்து இடிக்காது. தெரு இனியும் ஏறும் என்று தோன்றினால் அரையடி கூட்டிக்கொள்ளுங்கள். இதைப் பிளான் போடும்போதே இன்ஜினீயரிடம் சொல்லிவிட வேண்டும். சுவர் எழுந்த பிறகு சொன்னால், "படியிலயே உக்காந்துக்கலாமே சார்" என்பார்.